'வவுச்சேஃப்': மேலிருந்து கீழ்நோக்கி வரும் ஒரு பழைய ஆங்கில வினைச்சொல்லின் பொருளும் பயன்பாடும்

பழைய ஆங்கில நாடகங்களையும் வழிபாட்டு நூல்களையும் 19ஆம் நூற்றாண்டு நாவல்களையும் படிக்கத் தொடங்கும் தமிழ் வாசகர், சில பக்கங்களுக்குள்ளாகவே ஒரு வினைச்சொல்லின் முன் நின்றுவிடுவார். அது 'வவுச்சேஃப்' (vouchsafe). அகராதியைப் புரட்டினால் 'கொடு', 'வழங்கு', 'இணங்கு' என்று மூன்று நான்கு பொருள்கள் வரிசையாக இருக்கும். அவற்றுள் முதலில் கண்ணில் படும் 'கொடு' என்பதை எடுத்துக்கொண்டு வாசகர் மேலே போய்விடுவார். வாக்கியம் ஏறத்தாழப் புரிந்துவிடும். ஆனால் அந்த இடத்தில் வேறு சொல்லை வைக்காமல் இதை ஏன் வைத்தார்கள் என்பது புரியாமலே போகும்.

தமிழ் வாசகர் இந்தச் சொல்லிடம் தடுமாறத் தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. இன்றைய ஆங்கிலத்தை மட்டும் அறிந்த ஒருவரைக் காட்டிலும், 'அருள்' என்னும் வினையை அன்றாடம் கோயிலிலும் கூட்ட மேடையிலும் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு இது எளிதில் வசப்படும். அதற்கான வழியைப் படிப்படியாக எழுதுகிறேன். சில படிகளை விரைவில் கடந்துவிடலாம். மூன்றாம் படியில் மட்டும் பொறுமையாக நின்று வர வேண்டும்.

முதல் படி: வாய்விட்டுச் சொல்லுதல்

இதில் இரண்டு அசைகள் உள்ளன. முதல் அசை நாம் 'ஹவுஸ்' என்று சொல்லும்போது எழும் 'அவு' ஒலியைக் கொண்டது. இரண்டாவது, 'சேஃப்டி' என்பதன் முதற்பகுதியாகிய 'சேஃப்'. அழுத்தம் இரண்டாம் அசையின்மேல் விழும். 'வவுச்சர்' என்று சொல்லிப் பழகிய நாக்கு முதல் அசையை அழுத்தவே முற்படும். அதைத் தடுத்து, 'வவுச்' என்பதை மெதுவாகத் தொட்டுவிட்டு 'சேஃப்' என்பதில் ஊன்ற வேண்டும். எழுதும்போது இடையில் கோடோ இடைவெளியோ கிடையாது. இன்று இது ஒரே சொல்.

காலம் காட்டும் வடிவங்களில் சிக்கல் எதுவும் இல்லை. இறந்த காலம் 'வவுச்சேஃப்ட்', தொடர்வினை 'வவுச்சேஃபிங்', படர்க்கை ஒருமை நிகழ்காலம் 'வவுச்சேஃப்ஸ்'. பழைய நூல்களில் படர்க்கைக்கு 'வவுச்சேஃபெத்' என்றும் முன்னிலை ஒருமைக்கு 'வவுச்சேஃபெஸ்ட்' என்றும் வரும். அவை அக்கால விகுதிகளே தவிர வேறு சொற்கள் அல்ல.

இரண்டாம் படி: சொல்லைப் பிரித்துப் பார்த்தல்

அலுவலகத்தில் பணிபுரியும் எவருக்கும் வவுச்சர் தெரியும். செலவழித்த தொகைக்குச் சான்றாக இணைத்துக் கையொப்பமிடும் சிறு தாள் அது. அந்த வவுச்சரும் நம் வினைச்சொல்லின் முற்பகுதியும் ஒரே வேரிலிருந்து வந்தவை. 'அழை' என்னும் பொருள் கொண்ட 'வொக்காரே' என்ற லத்தீன் வினை, பழைய பிரெஞ்சு வழியாக இங்கிலாந்தின் நீதிமன்றங்களுக்குள் நுழைந்தது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு அங்கே சட்டத்தின் மொழியில் பிரெஞ்சு ஓங்கியிருந்தது. ஒருவருடைய நில உரிமை குறித்து வழக்கு எழுந்தால், அந்த நிலத்தை அவருக்குக் கொடுத்தவரை 'வந்து உறுதி சொல்லும்' என்று நீதிமன்றத்துக்கு அழைப்பதே 'வவுச்' செய்வது. அப்படி அழைப்பதற்கு வவுச்சர் என்று பெயர். அதுவே காலப்போக்கில் சான்றுச் சீட்டுக்கு ஆகிவந்தது. நாம் அன்றாடம் புழங்கும் 'அட்வகேட்' என்ற சொல்லும் இந்த வேருக்கு உறவே. உதவிக்கு அழைக்கப்பட்டவர் என்பது அதன் மூலப்பொருள்.

பிற்பகுதியாகிய 'சேஃப்', 'முழுமையான, கேடற்ற' என்று பொருள்படும் 'சால்வுஸ்' என்ற லத்தீன் சொல்லின் வழிவந்தது. ஆகவே இரண்டையும் சேர்த்தால் 'ஒன்றை ஒருவருக்குப் பாதுகாப்பானதாக உறுதி கூறி அளித்தல்' என்பது கிடைக்கிறது. உறுதி கூறி அளிக்கும் நிலையில் இருப்பவர் யார்? நிலத்துக்கு உடையவர், அரசர், இறைவன். உறுதி கூறுதல் என்ற பொருள் மெல்ல மங்கி, 'மேலிருப்பவர் மனமிரங்கி அளித்தல்' என்ற பொருள் மேலெழுந்தது இப்படித்தான்.

14ஆம் நூற்றாண்டில் இது இரண்டு தனிச் சொற்களாகவே எழுதப்பட்டது. 1400இல் மறைந்த கவிஞர் சாசரின் ஆங்கிலத்தில் 'வவுச்செத் சவுஃப்' என்ற வடிவம் வருகிறது. விகுதி எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள்: முற்பகுதியில். அதாவது அன்று 'வவுச்' மட்டுமே வினை. 'சவுஃப்' அதன் துணை. பின்னர் இரண்டும் ஒட்டிப்போய் ஒரு சொல்லாகிவிடவே, விகுதி கடைசிக்கு நகர்ந்து 'வவுச்சேஃபெத்' என்றாயிற்று. இரு சொற்கள் ஒன்றாகிவிட்டன என்பதற்கு விகுதி இடம்பெயர்ந்ததை விடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நம்முடைய 'எழுந்தருளினார்' என்பதிலும் எழுதலும் அருளலும் ஒன்றாகிக் காலமும் பாலும் கடைசியில் ஏறுவதைக் காணலாம்.

மூன்றாம் படி: சரிவைக் கண்டுகொள்ளுதல்

இந்த வழிகாட்டியின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. 'வவுச்சேஃப்' என்னும் வினைக்கு ஒரு சரிவு உண்டு. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் வருவது போல, அது உயர்ந்தவரிடமிருந்து தாழ்ந்தவரை நோக்கி மட்டுமே வரும். கொடுப்பவர் மேலே இருக்க வேண்டும். பெறுபவர் கீழே இருக்க வேண்டும். அதோடு இன்னொரு நிபந்தனையும் உண்டு: கொடுக்கப்படுவது பெறுபவருக்கு உரிமையாகச் சேர வேண்டியதாக இருக்கக் கூடாது. முதலாளி மாதச் சம்பளத்தைக் கொடுப்பது இந்த வினைக்குள் அடங்காது, ஏனென்றால் அது உழைத்தவருக்குச் சேர வேண்டிய கூலி. கடைக்காரர் மீதிச் சில்லறை தருவதும் அடங்காது. கேட்க மட்டுமே முடிந்த ஒன்று, வற்புறுத்திப் பெற முடியாத ஒன்று, கொடுக்காவிட்டாலும் குறை சொல்ல முடியாத ஒன்று எதுவோ அதைத் தருவதற்கே இந்தச் சொல்.

தமிழருக்கு இது புதிய எண்ணம் அல்ல. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் எச்சவியல், ஒன்றை வேண்டிக் கேட்பதற்கு ஈ, தா, கொடு என மூன்று சொற்கள் உண்டென்று கூறி, கேட்பவர் தாழ்ந்தவராயின் 'ஈ' என்றும், ஒத்தவராயின் 'தா' என்றும், உயர்ந்தவராயின் 'கொடு' என்றும் கேட்பார் என வகுக்கிறது. ஒரே செயலுக்கு மூன்று சொற்கள். மூன்றுக்கும் வேறுபாடு பேசுவோரின் நிலையில். 'ஈயென இரத்தல் இழிந்தன்று' என்று புறநானூற்றுப் புலவர் 'ஈ' என்ற சொல்லையே தேர்ந்ததன் கூர்மையும் இதனால் விளங்கும். தொல்காப்பியம் சொல்வது கேட்பவரின் நிலையை. ஆங்கில வினை காட்டுவது கொடுப்பவரின் நிலையை. இந்த ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

ஷேக்ஸ்பியரின் 'தி மெரி வைவ்ஸ் ஆஃப் வின்ட்சர்' நாடகத்தின் இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சியில் இந்தச் சரிவு தலைகீழாவதைப் பார்க்கலாம். ஃபால்ஸ்டாஃப் 'சர்' பட்டம் பெற்ற பெரிய மனிதர். அவரிடம் தூது கொண்டு வருகிறார் குவிக்லி என்னும் பணிப்பெண். மரியாதையாகப் பேச வேண்டும் என்ற ஆசை அவருக்கு நிறைய. சொற்கள்தாம் கைவசம் இல்லை. அவர் கேட்பதன் பொருள் இது: 'தங்களுக்கு நான் ஓரிரு வார்த்தைகள் அருளலாமா?' பணிப்பெண் பெரிய மனிதருக்கு அருள்வதா! அவர் சொல்ல வேண்டியிருந்தது 'தாங்கள் எனக்கு ஓரிரு வார்த்தை பேச அனுமதி அருள வேண்டும்' என்பது. பணிவைக் காட்ட எடுத்த சொல்லே பணிவைக் கெடுத்துவிடுகிறது.

ஃபால்ஸ்டாஃப் அளிக்கும் மறுமொழி அதைவிட நுட்பமானது. இரண்டாயிரம் வார்த்தை வேண்டுமானாலும் பேசு, பெண்ணே. காதுகொடுத்துக் கேட்பதை நான் உனக்கு அருளுகிறேன் என்கிறார். அதே வினையை எடுத்துச் சரியான திசையில் திருப்பி வைத்துவிடுகிறார். ஒருவரை ஒருவர் விளிக்கும் சொற்களையும் கவனிக்க வேண்டும். குவிக்லி அவரை 'யுவர் வர்ஷிப்' என்று விளிக்கிறார். அவரோ குவிக்லியை 'தீ' என்கிறார், அதாவது நம் 'நீ, உனக்கு'. 'தங்களுக்கு அருளட்டுமா' என்று பிசகியது, 'உனக்கு அருளுகிறேன்' என்று நேராகிறது. அக்கால அரங்கில் இருந்தவர்கள் விளக்கம் எதுவும் இல்லாமல் சிரித்திருப்பார்கள். 'அருள்' என்று போட்டுப் படித்தால் நமக்கும் அதே சிரிப்பு வருகிறது. 'கொடு' என்று போட்டுப் படித்தால் அந்த இரண்டு வரியும் வெறும் உரையாடலாகக் கரைந்துபோகிறது.

இதற்கு நேர்மாறாக, சரியான பயன்பாட்டை 'ஹாம்லெட்' நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில் காணலாம். கில்டென்ஸ்டெர்ன் என்னும் அரசவையினர் இளவரசரிடம், 'என் பிரபுவே, தங்களோடு ஒரு வார்த்தை பேச அருள் செய்யுங்கள்' என்ற பொருளில் இதே வினையைப் பயன்படுத்துகிறார். கேட்பவர் கீழே, அருள்பவர் மேலே. குவிக்லியின் வாக்கியத்தையும் கில்டென்ஸ்டெர்னின் வாக்கியத்தையும் அருகருகே எழுதி வைத்துக்கொண்டு, அவற்றில் யார் எழுவாய், யார் பெறுபவர் என்று கோடிட்டுப் பார்க்க வேண்டும். நான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது இந்த ஒரு பயிற்சியை ஒருபோதும் விட்டதில்லை.

நான்காம் படி: நான்கு பொருள்களைத் தனித்தனியே அறிதல்

முதலாவது, அருளி வழங்குதல். இதுவே நடுப்பொருள். வழங்கப்படுவது பதிலாகலாம், காட்சியாகலாம், மன்னிப்பாகலாம், ஒரு நாள் கூடுதலான ஆயுளாகவும் இருக்கலாம். தண்டனையையோ இழப்பையோ இந்த வினை ஏற்காது. யாரும் யாருக்கும் அபராதத்தை அருளுவதில்லை.

இரண்டாவது, ஒன்றைச் செய்ய மனமிரங்குதல். இங்கே வினையை அடுத்துப் பெயர்ச்சொல் வராமல் 'டு' சேர்ந்த இன்னொரு வினை வரும். ஆங்கிலத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூலில் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உள்ளது. 'தே தேயும்' என்னும் பழமையான லத்தீன் துதிப்பாடலின் ஆங்கில வடிவத்தில், 'வவுச்சேஃப், ஓ லார்ட், டு கீப் அஸ் திஸ் டே விதவுட் சின்' என்று ஒரு வரி வருகிறது. 'ஆண்டவரே, இந்நாளில் எங்களைப் பாவமின்றிக் காத்தருளும்' என்பது அதன் பொருள். லத்தீன் மூலத்தில் இந்த இடத்தில் இருப்பது 'திக்னாரே'; 'தகும் என்று திருவுளம் கொள்ளும்' என்று அதை விரிக்கலாம். அந்த வழிபாட்டு நூல் முதன்முதலில் 1549இல் வெளிவந்தது. 1662இல் வந்த பதிப்பே நெடுங்காலம் நிலைத்தது. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயம் 1680இல் வழிபாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 'வவுச்சேஃப்' என்ற சொல் நம் மண்ணுக்கு வந்து மூன்று நூற்றாண்டுக்கு மேலாகிறது என்று இதைக் கொண்டு கருத இடமுண்டு.

மூன்றாவது பொருள் இப்போது வழக்கிழந்துவிட்டது. பழைய நாடகம் படிப்பவருக்கு மட்டும் தேவைப்படும். 'அன்புகூர்ந்து ஏற்றுக்கொள்' என்பது அது. 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில், நோயுற்றுத் தலையில் துணி கட்டியபடி விடியற்காலையில் புரூட்டஸின் வீட்டுக்கு வரும் லிகாரியஸ், வலுவிழந்த நாவிலிருந்து வரும் காலை வணக்கத்தை ஏற்றருளுங்கள் என்று சொல்கிறார். அங்கே இந்த வினையை 'வழங்கு' என்று எடுத்தால் பொருள் முற்றிலும் மாறிவிடும். கொடுப்பவர் லிகாரியஸ், ஏற்பவர் புரூட்டஸ்; ஆயினும் அருள் புரூட்டஸிடம் இருந்தே வருகிறது. திசை மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஏழை எளியவர் தரும் காணிக்கையை ஏற்றுக்கொள்வதும் பெரியவரின் அருளே என்னும் எண்ணம் நமக்கும் பழக்கமானதுதான்.

நான்காவது, இன்றும் செய்தித்தாள் கட்டுரைகளிலும் புதினங்களிலும் உயிரோடிருக்கும் பொருள்: ஒரு தகவலையோ பதிலையோ பெரிய மனது பண்ணிச் சொல்லுதல். பலமுறை கேட்டும் வாய் திறக்காத ஒருவர் கடைசியில் ஒரு சொல் சொன்னால், ஆங்கில எழுத்தாளர் இந்த வினையைப் போடுவார். மனிதர் தம்மைப் பெரிய ஆளாக நினைத்துக்கொள்கிறார் என்ற குத்தல் அதில் இருக்கும். தமிழில் 'திருவாய் மலர்ந்தருளினார்' என்பது என்ன பாடு பட்டதோ அதையே இந்தச் சொல்லும் பட்டிருக்கிறது. ஆசாரியர்களைக் குறித்து உண்மையான பக்தியோடு சொல்லப்பட்ட தொடர், இன்று வாய் திறக்காத அதிகாரி ஒருவர் பேசினாலும் சொல்லப்படுகிறது. கூட்டத்துக்குத் தாமதமாக வந்தவரை 'எழுந்தருளிவிட்டார்' என்கிறோம். பக்தியின் சொல்லை எடுத்துத் தகுதியற்றவருக்குச் சூட்டும்போது குத்தல் பிறக்கிறது என்பது இரு மொழிக்கும் பொது. ஆகவே ஒரு பத்தியில் இந்த வினையைக் கண்டவுடன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: எழுவாயாக நிற்பவர் உண்மையிலேயே உயர்ந்தவரா, தம்மை உயர்த்திக்கொள்பவரா? அதற்கான விடை பெரும்பாலும் முந்தைய இரண்டு வாக்கியங்களிலேயே கிடைத்துவிடும்.

ஐந்தாம் படி: வாக்கியத்தில் அமரும் விதம்

பெறுபவரை முதலில் சொல்லிப் பொருளைப் பின்னால் சொல்லலாம்: 'தி கிங் வவுச்சேஃப்ட் ஹிம் அன் ஆடியன்ஸ்', அரசர் அவருக்குப் பேட்டி அளித்தருளினார். பொருளை முன்னால் வைத்தால் பெறுபவருக்கு முன் 'டு' வர வேண்டும். பழைய நூல்களில் 'அன்டு' என்றும் இருக்கும். 'ஃபார்' வராது. பெறுபவரைச் சொல்லாமலே விடுவதும் உண்டு: 'ஷி வவுச்சேஃப்ட் நோ ரிப்ளை', அவர் பதில் அளிக்கத் திருவுளம் கொள்ளவில்லை. எதிர்மறை வாக்கியங்களில் 'நோ' என்பதோடு இந்த வினை மிக இயல்பாகச் சேரும். இன்றைய எழுத்தில் இதைச் சந்திப்பவர் பெரும்பாலும் இந்த எதிர்மறை வடிவத்திலேயே சந்திப்பார்.

செயப்பாட்டு வினை தனியே கவனிக்கத் தக்கது. 'ஐ வாஸ் வவுச்சேஃப்ட் எ கிளிம்ப்ஸ்' என்றால் 'எனக்கு ஒரு கணநேரக் காட்சி கிட்டியது' என்று பொருள். கொடுத்தவர் யாரென்று சொல்லப்படவில்லை. இறைவனா, இயற்கையா, நற்பேறா என்பது வாசகரின் மனத்துக்கு விடப்பட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் இது வலிமை மிக்க பயன்பாடு. நாட்கணக்கில் மேகத்துக்குள் மறைந்திருந்த மலைச்சிகரம் ஒரு நிமிடம் வெளித்தெரிந்தால், அதைக் கண்டவர் இந்த வடிவத்தில்தான் எழுதுவார். அவர் தம் திறமையால் அதைக் காணவில்லை, அது அவருக்குக் காட்டப்பட்டது என்ற பணிவு அந்த வாக்கியத்துக்குள் இருக்கிறது.

ஆறாம் படி: தமிழில் சொல்லுதல்

மொழிபெயர்ப்பவர்கள் பெரும்பாலும் 'வழங்கினார்' என்று எழுதி முடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 'வழங்கு' என்பதற்கு இன்று சரிவு இல்லை. நியாய விலைக் கடையில் அரிசி வழங்குகிறார்கள், வங்கியில் கடன் வழங்குகிறார்கள். தமிழில் 'அருள்' என்னும் வினை துணைவினையாகி எந்த வினையின் பின்னாலும் போய் அமரும் ஆற்றல் பெற்றிருக்கும்போது, அதைப் பயன்படுத்தாமல் விடுவது கைவசம் உள்ள பொன்னைப் புதைத்து வைப்பதாகும். தந்தருள், காத்தருள், கேட்டருள், ஏற்றருள், காட்டியருள் என்று மூல வாக்கியத்தில் செயல் எதுவோ அதை முன்னால் வைத்து 'அருள்' என்பதைப் பின்னால் சேர்த்தால் போதும். திருப்பாவையில் ஆண்டாள், சிங்கம் போல் விழித்தெழுந்து வரும் கண்ணனைச் சிங்காசனத்தில் அமரச் சொல்லி, 'யாம் வந்த காரியம் ஆராய்ந்து அருள்' என்று வேண்டுகிறாரே, அதை ஆங்கிலத்தில் சொல்ல 'வவுச்சேஃப்' என்பதைப் போலப் பொருந்தும் வினை மிகக் குறைவு.

ஆனால் செயப்பாட்டு வினைக்கு 'அருளப்பட்டது' என்று எழுதினால் தமிழ் விறைத்துப்போகும். அங்கே நம்மிடம் வேறு சொற்கள் இருக்கின்றன: 'வாய்த்தது', 'கிட்டியது', 'காணும் பேறு பெற்றேன்'. 'எனக்கு வாய்த்தது' என்னும்போது கொடுத்தவர் பெயர் வேண்டியதில்லை. நம் முயற்சிக்கு அப்பாற்பட்டது என்ற எண்ணமும் தானே வந்துவிடுகிறது.

குத்தலான பயன்பாட்டுக்குப் 'பெரிய மனது பண்ணிச் சொன்னார்', 'திருவாய் மலர்ந்தார்' என்பவை ஏற்றவை. எதிர்மறைக்கு 'ஒரு வார்த்தை சொல்லக்கூட மனம் வரவில்லை' என்று எளிமையாகவும் சொல்லலாம். கதையில் பேசுபவர் யார், எந்த ஊர்க்காரர் என்பதைப் பொறுத்து முடிவு செய்ய வேண்டும். பணிப்பெண்ணின் வாயில் 'திருவுளம்' என்று வைத்தால் ஒட்டாது, அவர் குவிக்லியாக இருந்தாலொழிய.

ஏழாம் படி: அண்டை வீட்டுச் சொற்களிலிருந்து பிரித்தல்

மிகப் பெரிய குழப்பம் 'வவுச் ஃபார்' என்பதோடு வருகிறது. அது ஒருவருக்காக உறுதி கூறுதல், பொறுப்பேற்றுச் சான்று சொல்லுதல். வேலைக்கு விண்ணப்பிக்கும் நண்பரின் நேர்மைக்கு நான் உறுதி கூறுவது 'வவுச் ஃபார்'. அங்கே 'வவுச்சேஃப்' என்று எழுதினால் 'நண்பரின் நேர்மையை நான் அருளினேன்' என்றாகிவிடும். என்னிடம் படித்த மாணவர் ஒருவர் தம் தம்பிக்காக எழுதிய பரிந்துரைக் கடிதத்தில் இந்தப் பிழையைச் செய்திருந்தார். சொல்லின் தோற்றத்தைப் பார்த்து 'பாதுகாப்பாக உறுதி கூறுதல்' என்று அவர் ஊகித்திருந்தார். வரலாற்றின்படி அவர் ஊகம் தவறில்லை. அறுநூறு ஆண்டு தாமதமாக வந்தது என்பதுதான் சிக்கல். அவ்வாறே 'சேஃப்' என்னும் பகுதியைக் கண்டு 'பாதுகாத்தல்' என்று எடுத்துக்கொள்வதும் தவறு. அதற்குச் 'சேஃப்கார்ட்' என்ற வேறு வினை உண்டு.

'கிராண்ட்' என்பது நெருங்கிய உறவு, ஆனால் அலுவலக உறவு. விடுப்பு, உரிமம், நிதி, ஜாமீன் எல்லாம் 'கிராண்ட்' செய்யப்படுபவை. அதிகாரம் உள்ளவர் விதிப்படி அளிப்பது அது. விதியைத் தாண்டி, மனமிரங்கி அளிப்பது 'வவுச்சேஃப்'.

'டெய்ன்' என்ற வினை இன்னும் நெருங்கியது. மேலே சொன்ன லத்தீன் 'திக்னாரே' என்பதன் வழிவந்ததே அது. தன் தகுதிக்கு இது தகும் என்று எண்ணி இறங்கி வருதல். இன்றைய வழக்கில் அதன் பின்னால் பெரும்பாலும் இன்னொரு வினைதான் வரும்: பதில் சொல்ல 'டெய்ன்' செய்யவில்லை. 'வவுச்சேஃப்' அப்படியல்ல, பெயர்ச்சொல்லையும் நேராக ஏற்கும். இன்னொரு வேறுபாடும் எனக்குத் தெரிகிறது. 'டெய்ன்' என்பதில் அருள்பவரின் பெருமிதம் முன்னே நிற்கிறது. 'வவுச்சேஃப்' என்பதில் பெறுபவரின் நன்றி முன்னே நிற்கிறது. அதனால்தான் செயப்பாட்டு வினையில் பின்னது மட்டும் அழகாக அமர்கிறது.

'கான்டிசென்ட்' என்ற வினைக்கு நேர்ந்ததையும் இங்கே சொல்லியாக வேண்டும். உயர்ந்தவர் இறங்கி வந்து பழகுதல் என்ற நற்பொருளில் அது ஒருகாலத்தில் பாராட்டுச் சொல்லாக இருந்தது. 1813இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாவலில் காலின்ஸ் என்னும் பாதிரியார், தம்மை ஆதரிக்கும் சீமாட்டியை அந்தச் சொல்லாலேயே புகழ்ந்து தள்ளுகிறார். இன்று அதே சொல்லை ஒருவர்மேல் போட்டால் அது குற்றச்சாட்டு. பிறப்பால் ஒருவர் மேல், ஒருவர் கீழ் என்பதை மக்கள் ஏற்க மறுத்த காலத்தில், அந்த ஏற்றத்தாழ்வைத் தாங்கிநின்ற சொற்கள் எல்லாம் ஒன்று கசந்தன, அல்லது அருகின. 'வவுச்சேஃப்' கசக்கவில்லை, அருகியது. கடவுளையும் இயற்கையையும் எழுவாயாகக் கொள்ளும் இடம் அதற்கு மிஞ்சியிருந்ததே அதற்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

எட்டாம் படி: நாம் எழுதலாமா?

படிக்கும்போது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். எழுதும்போது மிகவும் யோசிக்க வேண்டும். அலுவலகக் கடிதத்திலும் மின்னஞ்சலிலும் இதற்கு இடமே இல்லை. 'தாங்கள் பதில் அருள வேண்டும்' என்ற எண்ணத்தில் மேலதிகாரிக்கு இதை எழுதினால், பணிவு என்று நாம் நினைத்தது அவருக்குக் குத்தலாகப் படக்கூடும். அங்கே 'பதில் அனுப்பினால் நன்றியுடையவனாவேன்' என்பதற்குரிய எளிய ஆங்கிலமே நல்லது. தன்மை ஒருமையில், 'நான் வவுச்சேஃப் செய்கிறேன்' என்று எழுதவே கூடாது. தன்னைத் தானே உயர்த்திக்கொள்வதாக முடியும். வழிபாட்டு உரை, வரலாற்றுப் புனைவு, பயணக் கட்டுரையில் ஒரு அரிய காட்சி, இவற்றில் ஒரே ஒருமுறை வந்தால் ஒளிவிடும். இரண்டாம் முறை வந்தால் அந்த ஒளி குறைந்துவிடும்.

கடைசியாகச் சில வாக்கியங்களைச் சோதித்துப் பாருங்கள். 'மேலாளர் எனக்கு மூன்று நாள் விடுப்புக் கொடுத்தார்.' இங்கே 'கிராண்ட்' போதும். விதிப்படி உள்ள விடுப்பு அது. 'வழக்கில் அவர் எனக்காகச் சாட்சி சொன்னார்.' இது 'வவுச் ஃபார்' பக்கம் சேரும். 'நான் என் ஆசிரியருக்கு ஒரு புத்தகம் கொடுத்தேன்.' சரிவு தலைகீழாக இருப்பதால் 'வவுச்சேஃப்' வராது; ஆசிரியர் அதை ஏற்றுக்கொண்டார் என்று திருப்பி, ஷேக்ஸ்பியர் காலத்துக்குப் பின்னோக்கிப் போனால் மட்டுமே வரும். 'இருபது ஆண்டு பார்வையின்றி இருந்த பாட்டிக்கு, அறுவைச் சிகிச்சைக்குப் பின் பேத்தியின் முகத்தைக் காணும் பேறு வாய்த்தது.' மருத்துவரின் கைத்திறனைச் சொல்ல வந்த வாக்கியமானால் இந்த வினை வேண்டாம். பாட்டியின் வியப்பைச் சொல்ல வந்த வாக்கியமானால், 'ஷி வாஸ் வவுச்சேஃப்ட்' என்று தயங்காமல் தொடங்கலாம்.